கைகள் மட்டும் இருந்த படம்

அந்தப் படத்தில் முகம் கிடையாது. இரண்டு கைகள், ஓர் ஊசி, கத்திரிப்பூ நிறச் சேலையின் கீழ் ஓரம், ஜன்னல் வழியே சரிந்து விழும் காலை வெளிச்சம். இவ்வளவுதான் இருந்தது. முகம் வேண்டாம் என்பது அந்தக் கைகளுக்கு உரியவள் விதித்த நிபந்தனை. நான் அதை மதித்தேன். மதித்துவிட்டதாக ஐந்து நாட்கள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

கோயம்புத்தூரில் சமூகவியல் படித்துவிட்டு புனேவுக்கு வேலைக்காக வந்தவள் நான். ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், செயலிகளைப் பயன்படுத்துபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுவது என் பணி. வாகட்டில் ஓர் அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில் சென்னைக்காரத் தோழி ஒருத்தியுடன் குடியிருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் கேமராவை எடுத்துக்கொண்டு நகரத்தின் ஏதேனும் ஒரு பகுதிக்குப் பேருந்தில் போவது பழக்கமாயிற்று. வேற்று மொழி பேசும் ஊரைப் புரிந்துகொள்ள அது நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றியது.

தனியாகப் போகும் பெண்ணுக்கு உரிய எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் நான் கடைப்பிடித்தேன். காலையில் போய் உச்சிக்கு முன் திரும்பிவிடுவேன். கேமராவின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். தெருவில் நின்று லென்ஸ் மாற்றுவதில்லை. மறுமுனை கண்ணுக்குத் தெரியாத சந்துக்குள் நுழைவதில்லை. இவற்றோடு அறைத்தோழி சேர்த்த ஏற்பாடு ஒன்று உண்டு. கேமராவைக் கைபேசியுடன் இணைத்து, எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இடக்குறிப்பு பதிவாகும்படி அவள் செய்துகொடுத்தாள்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, கடைசி படத்தை எங்க எடுத்தேன்னாவது தெரியும்ல," என்றாள்.

"ஆறுதலா இருக்குது," என்றேன்.

அந்த வசதியை நான் பிறகு அணைக்கவேயில்லை. அது இருப்பதையே மறந்துவிட்டேன்.

புனேவின் கட்கிப் பகுதிக்கு முதலில் போனது படத்துக்காக அல்ல, ஒரு சேலைக்காக. வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். கடைவீதியைத் தாண்டிய ஒரு சந்தில், சேலைக்கு ஃபால்ஸ் தைத்துத் தரப்படும் என்று மராத்தியில் எழுதிய அட்டை ஒரு வீட்டுக் கதவில் தொங்கியது. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் ஹிந்தியைக் கேட்ட உடனே தமிழுக்கு மாறினார்.

"இந்த ஹிந்திய எங்க கத்துக்கிட்ட, பாப்பா? டிவிலயா? உள்ள வா. ஃபால் வெக்கணுமா, ஓரம் அடிக்கிற பீகோவும் சேத்தா?"

உள்ளே ஜன்னலோரமாக இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தரையில் அமர்ந்து சேலை ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். நான், "எப்பங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். அவளுடைய ஊசி நின்றது. தலை நிமிரவில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்ட மகிழ்ச்சி என்று நான் நினைத்தேன். அதே பேச்சுத்தான் அவளை அச்சுறுத்தியது என்பது எனக்கு மூன்றாம் முறை போனபோதுதான் தெரிந்தது.

அந்த மூன்றாம் சனிக்கிழமை, ஜன்னல் வெளிச்சம் அவள் கைமேல் விழுவதைப் பார்த்து, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நான் கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்ததைக் காட்டாமல் கிளம்புவதில்லை. அழிக்கச் சொன்னால் அங்கேயே அழித்துவிடுவேன். இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன்.

"முகம் வேண்டாங்க்கா," என்றாள்.

"சரிங்க. முகம் வராது."

வாசலில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஏன் வேணாம்னு கேக்கமாட்டியா நீ? நானே சொல்றேன். இவ என் வூட்டுக்காரரோட தம்பி மவனைக் கட்டிக்கிட்டா. சாதி வேற. இவளுக்கு அண்ணனுங்க ரெண்டு பேரு. ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருக்கானுங்க. கிடைச்சா கும்பிட்டு அழைச்சிட்டுப் போவ வர்றவனுங்க இல்ல."

"அத்தை," என்றாள் அவள், தணிந்த குரலில்.

"என்ன அத்தை? இவளும் உங்க ஊர்ப் பேச்சுத்தானே பேசுறா. தெரிஞ்சு வெச்சிக்கட்டும். நாளைக்கு ஊருக்குப் போயி, புனேல நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணப் பாத்தேன்னு பேச்சுவாக்குல சொல்லிடக் கூடாது பாரு."

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அம்மாள் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி முறத்துக்குத் திரும்பினார். நம்பியதாகத் தெரியவில்லை. அவளுடைய கணவர் சாகணில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் போய்விடுவார். நான் அவரைக் கடைசி வரை பார்த்ததில்லை.

அன்று அவள் மடியில் இருந்தது என்னுடைய கத்திரிப்பூ நிறச் சேலை. பாதி தைத்திருந்தாள். துணியை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வலது கையால் ஊசியைச் சாய்த்துக் குத்தினாள். இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது. சிறு வயதில் அரிவாள்மணை பட்டதாம். நான்கு படங்கள் எடுத்தேன். கேமராவின் திரையில் காட்டினேன். நான்காவதைப் பார்த்து, "கை அழகா இருக்குதே," என்று தன்னுடையது அல்லாத ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். அழிக்கச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு கல்யாண வீட்டுச் சேலைகள் மூட்டையாக வந்து இறங்கின. என்னுடையதற்கு அவசரமில்லை, அவற்றை முடித்துவிட்டு மெதுவாகத் தந்தால் போதும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அந்தப் படத்தைச் செவ்வாய்க்கிழமை எங்கள் குழுவில் போட்டேன்.

பல ஊர்களில் வாழும் தமிழர்கள் அறுபது பேர் வரை சேர்ந்து நடத்தும் கைபேசிக் குழு அது. முகம் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. வாரம் ஒருவர் ஒரு படம் வைக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் இரண்டு குறைகளைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு நிறையைச் சொல்லலாம். வெறுமனே பாராட்டினால் குழுவை நடத்துபவர் ஏற்கமாட்டார். இன்னொரு விதியும் இருந்தது. படத்தைப் படமாக அனுப்பக் கூடாது, டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும், கூடவே இருக்கும் விவரங்களையும் கழித்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கேமராவில் பதிவானபடியே போய்ச் சேரும். எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தது என்பதையெல்லாம் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். நான் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுபவள். டாக்குமென்ட்டாகவே அனுப்பினேன்.

மேல் மூலையில் ஜன்னல் கம்பி அரைகுறையாகத் தெரிகிறது என்றார் ஒருவர். குவியம் ஊசிமுனையில் இருந்திருக்க வேண்டும், கட்டைவிரலில் நின்றுவிட்டது என்றார் இன்னொருவர். அந்தக் கட்டைவிரல்தான் படமே என்று மூன்றாமவர் எழுதினார். அதன் பிறகு எல்லாரும் அந்தப் பாதி நகத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருவர் மட்டும் குழுவில் எதுவும் எழுதாமல் தனிச் செய்தியில் கேள்விகளாகக் கேட்டார். அவரது அடையாளப் படத்தில் முகத்துக்குப் பதிலாக ஒரு லென்ஸ் இருந்தது. ஜன்னல் கிழக்குப் பார்த்ததா என்றார். ஆமாம் என்றேன். மணி என்ன என்றார். எட்டைத் தாண்டிச் சில நிமிடங்கள் என்றேன். எதிரே உயரமான கட்டடம் மறைக்கவில்லையா என்றார். தாழ்ந்த சுவர்தான் என்றேன். பாடம் ஒப்பிக்கும் மாணவியைப் போல ஒவ்வொன்றுக்கும் நன்றி சேர்த்துப் பதில் எழுதினேன். நான்காவது கேள்வி புதன்கிழமை மதியம் வந்தது.

"அவங்க தினமும் அந்த நேரத்துக்கு அங்கேயேதான் உக்காருவாங்களா?"

வெளிச்சத்தைப் பற்றிய கேள்வி அல்ல அது. நான் பதில் எழுதவில்லை. அவருடைய பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். பொங்கல் சமயத்தில், ஊருக்கு வந்த இடத்தில் பேருந்து கிடைக்காமல் நிற்பதாக ஒரு வரி எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்டிருந்த ஊர் எங்கள் பக்கத்து ஊர். தைக்கும் பெண்ணின் பக்கமும் அதுவே. இப்போது எங்கே இருக்கிறார், என்ன வேலை என்று எங்கும் இல்லை. அன்று மாலைக்குள் அவர் எழுதிய பழைய, சாதாரணமான வரிகள் எல்லாம் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிட்டன. 'ஊர்ப் பொண்ணுங்க முகத்துல ஒரு தனிக் களை' என்று யாருடைய படத்துக்கோ அவர் எழுதியிருந்ததை நான் ஏழெட்டு முறை வாசித்தேன்.

வியாழன் மாலை சமையலறையில் நின்று அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் தரவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பவள். குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஃபைல் அனுப்புன?"

"ஒரிஜினல்."

"படமாவா, டாக்குமென்ட்டாவா?"

"டாக்குமென்ட்டா. அதுதான் அங்க ரூல்."

கரண்டியை வைத்துவிட்டு என் மடிக்கணினியைத் திறந்தாள். படத்தின் விவரங்களைக் கேட்டு இரண்டு முறை தட்டினாள். வரைபடம் விரிந்தது. கட்கிக் கடைவீதி, அதைத் தாண்டிய சந்து, அந்தச் சந்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

"முகத்த மறைச்சிட்டு வீட்டுக்கு வழி சொல்லிக் குடுத்திருக்க," என்றாள்.

"அதைப் போட்டுவிட்டதே நீதானே."

"உன்னக் கண்டுபிடிக்கத்தான் போட்டேன். அவங்களை இல்ல."

குழுவில் இருந்து படத்தை நீக்கினேன். ஏற்கெனவே தங்கள் கைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டவர்களிடம் அது இருக்கும் என்று தோழி சொன்னாள். எத்தனை பேர் என்று அறிய வழியில்லை.

வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதத் தயங்குகிறேன். ஆனால் நடந்தவற்றில் என் பங்கு அங்கேதான் அதிகம். அவளிடம் கைபேசி எண் வாங்கியதில்லை. அவளும் தந்திருக்கமாட்டாள். நேரில் போவது ஒன்றே வழி. அன்று அலுவலகத்தில் ஓர் ஆய்வுக் கூட்டம் இருந்தது. விடுப்புக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, சொல்வதால் வரும் விளைவுகளை இடப்பக்கமும் சொல்லாததால் வரும் விளைவுகளை வலப்பக்கமும் எழுதினேன். கேள்வி கேட்டவர் வெறும் படக்காரர் என்றால், இரண்டு வருடமாக நிம்மதியாக இருப்பவர்களை நான் வீணாக வீட்டைவிட்டு ஓடவைத்தவள் ஆவேன். அவர் வேறு யாரோ என்றால், ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. இரண்டு பக்கமும் நியாயமாக நிரம்பின. கடைசியில், வழக்கமாகப் போகும் சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பதற்றமில்லாமல் சொல்வது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை அப்போது எழுதவில்லை.

சனிக்கிழமை கட்கியில் இறங்கிச் சந்தின் முனைக்கு வந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. மூன்று ஆண்கள் கேமராக்களோடு உள்ளே நின்றார்கள். ஒருவர் எதிர்ச்சுவரில் ஏறி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்திருந்தார். தொப்பி அணிந்த ஒருவர் ஜன்னலுக்கு நேரே குத்துக்காலிட்டிருந்தார். மூன்றாமவர் நடுவில் நின்று கைகாட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குள் யாரும் இல்லை. பாதி விரித்த ஒரு சேலை மட்டும் தரையில் கிடந்தது.

அவளுடைய அத்தை கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"வந்துட்டா பாரு மகாராணி. என்னம்மா, ஊர் முழுக்கப் பத்திரிகை வெச்சு அழைச்சியா? என் கோலி, இந்த ஒத்த ரூம், என்ன ம்யூசியமா? அரே, டிக்கெட் போடு, நானும் வாசல்ல உக்காந்து கிழிச்சுக் குடுக்கிறேன்."

நடுவில் நின்றவர் திரும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மலர்ந்த முகம்.

"ஏனுங்க மேடம், நீங்களா? நான்தானுங்க உங்களுக்கு மெசேஜ் பண்ணுனது. சாகண்ல இருக்கறனுங்க. நீங்க பதிலே போடல, சரி, ஃபைல்லயே லொகேஷன் இருக்குதேன்னு வந்துட்டோம். இவங்க ரெண்டு பேரும் நம்ம கம்பெனிதான். உங்க வெளிச்சத்தப் பாக்கத்தானுங்க வந்தோம்."

அந்த உச்சரிப்பு சந்து முழுவதும் கேட்டது. உள்ளே, ஜன்னலுக்குக் கீழே, ஏதோ ஒரு பாத்திரம் நகரும் ஒலி வந்து நின்றது.

"படம் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இவரு ஒண்ணு ரெண்டு எடுத்தாரு," என்று தொப்பிக்காரரைக் காட்டினார். "அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சுங்க, அப்ப. கண்ணு பிரமாதமா வந்திருக்குது. பொறவு உள்ள போயிருச்சு."

"அழிச்சிருங்க."

தொப்பிக்காரர் சிரித்தார். "மேடம், இது தெரு. பப்ளிக். தெருவுல நின்னு எடுக்கறதுக்கு யார்கிட்டக் கேக்கணும்? நீங்களும் இதே இடத்துலதான எடுத்தீங்க?"

"நான் கேட்டுட்டு எடுத்தேன்."

"அப்ப நாங்களும் இப்பக் கேட்டுக்கறோம். கூப்பிடுங்க."

அழிக்க வேண்டிய காரணத்தை நான் சொல்ல முடியாது. அவளைத் தேடுகிறார்கள் என்று சொன்னால், தேடப்படும் ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கும் அவருடைய இரண்டு நண்பர்களுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், நான் என் இடத்தை விட்டுக்கொடுக்காத ஒரு பொறாமைக்காரியாக மட்டுமே தெரிவேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அன்று ஒன்று சொன்னேன்.

"இது தொழிற்சாலை எல்லைக்குப் பக்கம். வெடிமருந்து செய்யற இடம். இந்தச் சுத்துல படம் எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குது, நீங்க பாக்கலயா? போன வாரம் எனக்கே தெரியாது. என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அதனாலதான் குழுவுல இருந்து எடுத்துட்டேன். மூணு பேரு, மூணு கேமரா, சுவர் மேல ஏறி உக்காந்திருக்கறீங்க. யாராவது போன் பண்ணியிருந்தா இந்நேரம் வண்டி கெளம்பியிருக்கும்."

அந்தச் சந்திலிருந்து தொழிற்சாலைச் சுவரின் ஒரு செங்கல்கூடத் தெரியாது. எனக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அத்தை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"நான்தான் போன் பண்ணேன்," என்றார். "போலீஸ் சௌக்கிக்கு. வர்றாங்க. நில்லுங்க, சாய் குடிச்சிட்டே போலாம்."

சுவரில் இருந்தவர் இறங்கினார். கேள்வி கேட்டவரின் முகத்தில் இருந்த மலர்ச்சி போயிற்று. "கம்பெனிக்குத் தெரிஞ்சா வம்புங்க," என்று நண்பர்களிடம் சொன்னார். தொப்பிக்காரர் கேமராவின் திரையை என்னிடம் காட்டி அழித்தார். அவளுடைய முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். நேராக லென்ஸைப் பார்த்த கண்கள். உண்மையில் அது நல்ல படம். அழித்துவிட்டு மூடப் போனார்.

"ரெண்டாவது கார்டு," என்றேன்.

அவருடைய கேமராவில் இரண்டு நினைவு அட்டைகள் போடலாம், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைத்திருப்பார்கள் என்பது இந்த வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். அவர் என்னை வெறுப்போடு பார்த்துவிட்டு அதிலிருந்தும் நீக்கினார்.

"போன்ல?"

"போன்ல எடுக்கல."

"காட்டுங்க."

"மேடம், நான் என்ன திருடனா?"

அவர் காட்டவில்லை. வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை, நேரமும் இல்லை. மூவரும் வேகமாகச் சந்தைவிட்டு வெளியேறினார்கள். போகிற போக்கில் கேள்வி கேட்டவர் என் பக்கம் திரும்பி, "நல்ல வெளிச்சம்னுதானுங்க வந்தோம்," என்றார். புண்பட்ட குரல் அது. அவர் யாராக இருந்தார் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருந்திருப்பார். பெரும்பாலும் என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் உயிர்வாழ முடியாது.

உள்ளே அவள் ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி. கையில் இன்னும் ஊசி இருந்தது.

"அவரு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"எங்களுக்கு அங்க சொந்தம் இருக்குதுங்க்கா." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுங்க. உங்கள யாரு அனுப்புனா?"

அந்த வாரம் முழுவதும் நான் இன்னொருவரைப் பற்றி எழுப்பிக்கொண்டிருந்த கேள்வி. அவளிடம் அதை எழுப்ப என்னைவிட நியாயம் இருந்தது. அதே ஊர்ப் பேச்சோடு வந்தவள், மூன்று முறை வந்து பழகிப் படம் எடுத்தவள், ஒரு வாரத்தில் அதே பேச்சோடு மூன்று ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்தியவள். நான் குழுவைப் பற்றியும் இடக்குறிப்பைப் பற்றியும் டாக்குமென்ட் விதியைப் பற்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது தயாரித்துக்கொண்டு வந்த கதைபோல ஒலித்தது.

"வியாழக்கிழமையே தெரியும்," என்றாள் அவள்.

"ஆமாங்க."

"வெள்ளிக்கிழமை வரல."

"வரல."

அத்தை வாசலில் இருந்தபடியே, "நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திருக்கா," என்றார். "படிச்ச பொண்ணு."

அவள் படத்தைக் காட்டச் சொன்னாள். கேமராவில் அது இன்னும் இருந்தது. இரண்டு கைகளாலும் கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"பெருசு பண்ணுங்க."

கட்டைவிரல் திரையை நிறைத்தது.

"அண்ணனுங்களுக்குத் தெரியாது," என்றாள். "அவங்க என் கையையெல்லாம் எப்பப் பாத்தாங்க. எங்கம்மா பாத்தா ஒரே நொடியில சொல்லிரும். மருந்து வெச்சுக் கட்டுனது அதுதான். மூணு மாசம் கட்டுச்சு."

தன் கட்டைவிரலைத் திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எங்கம்மா பாத்திருக்குமாங்க்கா?"

எந்தப் பதிலை அவள் விரும்பினாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னேன். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டினேன். நான்கையும் அவளே ஒவ்வொன்றாக அழித்தாள். நான்காவதற்கு மட்டும் விரல் சற்று நின்றது. கைபேசியிலும் வீட்டுக் கணினியிலும் இருப்பதையும் அழித்துவிடுவேன் என்றேன். தலையசைத்தாள், நம்புவதாகவோ நம்பாததாகவோ காட்டிக்கொள்ளாமல். வாகட்டுக்குத் திரும்பியதும் தோழியின் முன்னிலையில் அழித்தேன். அவள் குப்பைக் கூடையையும் காலி செய்தாள்.

கட்கியில் தொழிற்சாலை எல்லையின் பெயரைச் சொல்லி மிரட்டி இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார் என்று குழுவில் என்னைப் பற்றி ஒருவர் எழுதினார். சிலர் ஆமோதித்தார்கள். மறுத்து எழுத என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம்தான், அதை எழுத முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்பும் விதியால் யார் வீட்டு வழியும் வெளியே போகும் என்று மட்டும் பொதுவாக எழுதிவிட்டு வெளியேறினேன். விதியை மாற்றினார்களா என்று தெரியாது.

மூன்று சனிக்கிழமைகள் நான் கட்கிப் பக்கம் போகவில்லை. நான் போவதே அவளுக்கு அச்சம் தரும் என்று நினைத்தேன். நான்காவது சனிக்கிழமை கேமரா இல்லாமல் போனேன். கதவில் அட்டை இல்லை. ஜன்னலின் உள்பக்கம் முழுவதும் தடித்த நீலத் துணி தொங்கியது. எட்டு மணி வெளிச்சம் அதன்மேல் விழுந்து நின்றுவிட்டது.

அத்தை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"போயிட்டாங்க," என்றார். "எங்கன்னு கேக்காத."

"கேக்கலைங்க."

"கேட்டாலும் சொல்லமாட்டேன். அவன் அங்கேயே வேலை மாத்திக்கிட்டான்னு வெச்சிக்க. வேற ஊருன்னு வெச்சிக்க. என்ன வேணா வெச்சிக்க." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "யாராவது வந்தாங்களா?" என்று நான் கேட்கும் முன்பே, "யாரும் வரல. இதுவரைக்கும்," என்றார்.

உள்ளே போய் ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். என் கத்திரிப்பூ நிறச் சேலை. ஃபால்ஸ் முழுதும் தைத்திருந்தது.

"முடிச்சு வெச்சிட்டுத்தான் போனா. சலோ, இனிமே ஃபால் வெக்க வாகட்லயே ஆளப் பாத்துக்கோ, பாப்பா."

பேருந்தில் அதை மடியில் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தின் முதல் பாதியில் தையல் ஒரே அளவில், எறும்பு வரிசைபோலப் பொடியாக, கண்ணுக்கே எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. நான் படம் எடுத்த இடம் வரை அப்படி. அங்கே ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு தையல் நீள நீளமாக, சில இடங்களில் விரற்கடை அகலத்துக்கு ஒன்றாக, வரியைவிட்டு ஏறியும் இறங்கியும் ஃபால்ஸின் மறுமுனை வரை ஓடியிருந்தது. சேலையை அதன் மடிப்பிலேயே மடித்து, மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டேன்.